தொடங்கும் நாளிலேயே எழுத வேண்டிய முடிவு

க.பொ.த. உயர்தர வணிகப் பிரிவு மாணவி

ஒரு கடை திறக்கும் நாளில் யாரும் அது மூடப்படும் நாளைப் பற்றிப் பேசுவதில்லை. யாராவது வாயெடுத்தாலும் "நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு?" என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள். சட்டம் மட்டும் முதல் நாளிலேயே அந்தப் பேச்சை எடுக்கிறது. வணிகம் எப்படித் தொடங்கப்பட்டது என்பதை வைத்தே, அது முடியும்போது யாருக்கு என்ன கிடைக்கும், யார் எதைக் கட்ட வேண்டும் என்று அது தீர்மானிக்கிறது. வணிக அமைப்புகளைப் பற்றிய அலகில் இயல்புகளையும் நன்மை தீமைகளையும் நாம் மனனம் செய்கிறோம். தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துப் படித்தால் அந்த அலகு இன்னும் தெளிவாக விளங்கும்.

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நானாவும் தம்பியும் சேர்ந்து ஒரு புடவைக்கடை போடுகிறார்கள். நானா 8 இலட்சம் ரூபா போடுகிறார். தம்பி 4 இலட்சம் போட்டு, நாள் முழுவதும் கடையில் நிற்கிறார். ராத்தா தன் நகைகளை விற்று 3 இலட்சம் தருகிறார். எல்லோரும் ஒரே உம்மாவின் பிள்ளைகள் என்பதால் எதுவும் எழுதப்படவில்லை. இந்தக் கடையை நமது பாடத்தில் வரும் மூன்று அமைப்புகளிலும் வைத்துப் பார்ப்போம்.

தனியாள் வணிகம்

கடை நானாவுக்கு மட்டும் உரியது என்றால், சட்டத்தின் பார்வையில் கடையும் நானாவும் ஒருவரே. தன் சொந்தப் பெயர் அல்லாத வேறு பெயரில் நடத்தினால், 1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தின்படி அப்பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் பிரதேச செயலகத்தினூடாகவே இது நடைபெறுகிறது.

நம்மில் பலர் குழம்பும் இடம் இதுதான். சுவரில் தொங்கும் பதிவுச் சான்றிதழ், இப்பெயருக்குப் பின்னால் இன்னார் இருக்கிறார் என்று ஊருக்கு அறிவிக்கிறது. கடையை அது தனி ஆளாக மாற்றுவதில்லை. கடையின் கடன் நானாவின் கடனே; கடைச் சொத்து போதாவிட்டால் வீடும் வாகனமும் பதில் சொல்ல வேண்டும். இதையே வரையறுக்கப்படாத பொறுப்பு என்கிறோம். நானா மௌத்தாகிவிட்டால் அந்த வணிகமும் முடிகிறது. முதலில் கடன்கள் தீர்க்கப்பட்டு, மிஞ்சுவதே வாரிசுகளுக்குச் சேரும்.

பங்குடைமை

இலங்கையில் பங்குடைமைக்குப் பொருந்துவது இங்கிலாந்தின் 1890 ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டம். நமது 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம், பங்குடைமை விடயங்களில் ஆங்கிலச் சட்டமே செல்லும் என்று கூறுவதே இதற்குக் காரணம். இலாப நோக்குடன் ஒரு வணிகத்தைப் பொதுவாக நடத்துவோருக்கிடையிலான உறவே பங்குடைமை. இருவர் முதல் இருபது பேர் வரை சேரலாம்.

இதை வாய்ப்பேச்சால் தொடங்கலாமா? 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் பதில் சொல்கிறது. மூலதனம் 1,000 ரூபாவை விடக் கூடினால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கையொப்பமிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் பங்காளர்களுக்கிடையே அதற்குச் சட்ட வலு இல்லை. இன்று 1,000 ரூபாவுக்கு எந்தக் கடையைப் போட முடியும்? ஆகவே ஏறத்தாழ எல்லாப் பங்குடைமைக்கும் எழுத்து தேவை.

அதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு. வெளியாள் ஒருவர் பங்காளர்கள் மீது வழக்குத் தொடரும்போது, எழுத்து இல்லாவிட்டாலும் சூழ்நிலைச் சான்றுகளைக் காட்டிப் பங்குடைமையை நிரூபிக்கலாம். இதை நமது உதாரணத்தில் வைத்துப் பாருங்கள். ராத்தாவும் பங்காளரைப் போல நடந்து வந்திருந்தால், துணி கொடுத்த மொத்த வியாபாரி அவரிடமும் கடனைக் கேட்கலாம்; அவருக்கு எழுத்து தேவையில்லை. இலாபத்தில் தன் பங்கைக் கேட்கப் போகும் ராத்தாவுக்கோ எழுத்து வேண்டும். எழுதாமல் விட்டதன் சுமை, கடன் கொடுத்தவரை விட நகையைக் கொடுத்தவர் மீதே கூடுதலாக விழுகிறது.

எழுதினாலும் எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒப்பந்தம் மௌனமாக இருக்கும் இடங்களில் 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு பேசும். அது சொல்வன:

1. மூலதனம் எவ்வளவாக இருந்தாலும் இலாப நட்டம் சமமாகப் பகிரப்படும்.
2. பங்காளருக்குச் சம்பளம் இல்லை.
3. மூலதனத்துக்கு வட்டி இல்லை.
4. ஒப்புக்கொண்ட மூலதனத்துக்கு மேலாக ஒரு பங்காளர் கொடுத்த முற்பணத்துக்கு ஆண்டுக்கு 5% வட்டி.
5. எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் புதிய பங்காளரைச் சேர்க்க முடியாது.

இவை கணக்கீட்டுப் பாடத்தில் நமக்குப் பழகிய விதிகள். வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் இவற்றின் கனம் தெரியும். 8 இலட்சம் போட்ட நானாவுக்கும் 4 இலட்சம் போட்ட தம்பிக்கும் சம இலாபம். நாள் முழுவதும் கடையில் நின்ற தம்பிக்குச் சம்பளம் கிடையாது. நான்காவது விதியையும் கவனியுங்கள். வட்டியை விட்டு விலகி நிற்கும் குடும்பம் அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதாவிட்டால், அவர்கள் கேட்காமலேயே 5% வட்டி விதி அங்கே வந்து நிற்கும். இந்த விதிகள் எல்லாமே பங்காளர்கள் தமக்குள் உடன்பட்டு மாற்றிக்கொள்ளக் கூடியவை.

முடிவு எப்படி வரும்? குறித்த காலம் முடிவதால் வரலாம். காலம் குறிக்கப்படாத பங்குடைமையில் ஒருவர் அறிவித்தல் கொடுப்பதால் வரலாம். நீதிமன்றக் கட்டளையால் வரலாம். வேறு விதமாக உடன்பாடு இல்லையென்றால், பங்காளர் ஒருவரின் மரணமே பங்குடைமையைக் கலைத்துவிடும். கலைந்த பின் சொத்துகளைப் பகிரும் ஒழுங்கை 44 ஆம் பிரிவு தருகிறது. முதலில் வெளியாரின் கடன், அடுத்துப் பங்காளர் கொடுத்த முற்பணம், பின்னர் மூலதனம், கடைசியாக மிகுதி இலாப விகிதத்தில்.

இங்கே நமது வாரிசுரிமைச் சட்டமும் வந்து சேர்கிறது. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்றோர் உரிமைச் சட்டத்தின்படி, நமது மார்க்கச் சட்டமே பங்கைத் தீர்மானிக்கிறது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. அதுவும் கடனும் வஸிய்யத்தும் கொடுத்த பிறகு. எதில் எட்டில் ஒன்று என்பதே கேள்வி. மௌத்தானவருக்குக் கடையில் எவ்வளவு இருந்தது என்று எழுதிய தாள் இல்லாவிட்டால், அந்த மனைவியின் கையில் இருப்பது தொகை தெரியாத ஒரு பின்னம் மட்டுமே.

கம்பனி

இதே குடும்பம் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரு தனியார் கம்பனியைக் கூட்டிணைத்தால் நிலைமை மாறுகிறது. ஒரு பங்குதாரரே போதும். ஐம்பது பேருக்கு மேல் கூடாது. பெயருக்கு அனுமதி பெற்று, விண்ணப்பம், அமைப்பகவிதிகள், பணிப்பாளரினதும் செயலாளரினதும் சம்மதம் ஆகியவற்றைக் கம்பனிப் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும். கூட்டிணைத்தற் சான்றிதழ் கிடைத்ததும் சட்டத்தில் ஒரு புதிய ஆள் பிறக்கிறார். அவர் சொத்து வாங்கலாம், கடன்படலாம், வழக்காடலாம். பங்குதாரர் மௌத்தானாலும் அவருக்கு மரணமில்லை. பங்குகள் மட்டும் வாரிசுகளிடம் செல்லும். அவை எண்ணக்கூடியவை என்பதால் ராத்தாவின் பங்கும் விதவையின் பங்கும் தெளிவாக இருக்கும்.

இந்தத் தனி ஆள் தத்துவத்தை உறுதிப்படுத்தியது 1897 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த சாலமன் வழக்கு. தோல் சப்பாத்து வியாபாரியான சாலமன் தன் வியாபாரத்தைக் கம்பனியாக்கினார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மிகுதி ஆறும் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் உரியவை. 10,000 பவுண் பெறுமதியான, பிணையுள்ள தொகுதிக்கடன் பத்திரங்களும் அவருக்கு வழங்கப்பட்டன. கம்பனி முறிந்தபோது, கம்பனியின் கடனுக்குச் சாலமன் பொறுப்பல்லர் என்று தீர்ப்பானது. பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

வரையறுத்த பொறுப்பு ஒருவருக்குப் பாதுகாப்பாகும்போது இன்னொருவருக்கு இழப்பாகலாம் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. அதனால்தான் கம்பனி உயிரோடு இருக்கும் காலத்திலேயே நமது சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது. பங்கிலாபம் கொடுக்குமுன் கடன் தீர்க்கும் ஆற்றல் சோதனையில் தேற வேண்டும். அதாவது, கடன்களை உரிய வேளையில் செலுத்தக்கூடிய நிலை இருக்க வேண்டும்; சொத்துகளின் பெறுமதி, பொறுப்புகளும் கூறப்பட்ட மூலதனமும் சேர்ந்த தொகையை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். தேறிய சொத்து கூறப்பட்ட மூலதனத்தின் அரைவாசிக்குக் கீழே இறங்கினால், பணிப்பாளர் சபை விசேட பொதுக் கூட்டத்தைக் கூட்டிப் பங்குதாரருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வைப்போம். வங்கிக் கடனுக்காகப் பணிப்பாளர் தனிப்பட்ட உத்தரவாதத்தில் கையொப்பமிட்டால், அந்தக் கடனைப் பொறுத்தவரை அவருடைய பொறுப்பு வரையறுத்ததல்ல.

கம்பனியை முடிவுறுத்துவது மூன்று வழிகளில் நடக்கலாம்: நீதிமன்றத்தால், விருப்பத்தின் பேரில், நீதிமன்ற மேற்பார்வையின் கீழ். கணக்கை முடித்து வைக்க நியமிக்கப்படும் கலைப்பாளர் சொத்துகளைப் பணமாக்கிப் பகிர்வார். பிணையுள்ள கடன்கொடுத்தோர் தம் பிணையிலிருந்து பெறுவர். எஞ்சியதில் கலைப்புச் செலவும், தொழிலாளரின் நிலுவைச் சம்பளம், சேமலாப நிதிப் பணம் போன்ற முன்னுரிமைக் கொடுப்பனவுகளும் முந்தும். பிறகு ஏனைய கடன்கொடுத்தோர். பங்குதாரர் வரிசையின் கடைசியில் நிற்பர்.

தொழிலாளர்

வணிகம் எந்த வடிவில் இருந்தாலும் அங்கே வேலை செய்பவரைச் சட்டம் மறப்பதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம் செலுத்த வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தை மூடி ஆட்களை நிறுத்துவதானால், 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியரின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ தேவை.

எழுதுவது நம்பிக்கையீனமா?

"சொந்தத்துக்குள் தாள் எதற்கு?" என்ற கேள்வி நமது வீடுகளில் எழும். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம், தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியும் சாட்சிகளைப் பற்றியும் பேசுகிறது. தொகை சிறியதானாலும் எழுதச் சலிக்க வேண்டாம் என்றும் வழிகாட்டுகிறது. அந்த வழிகாட்டல் ஈமான் கொண்டவர்களை விளித்தே சொல்லப்பட்டது. எழுதுவது நம்பிக்கையைக் குறைக்கும் செயலாக இருந்தால் அவர்களுக்கு அது சொல்லப்பட்டிருக்காது.

ஆகவே தோழிகளே, வீட்டில் ஒரு வணிகம் தொடங்கும்போது இந்தக் கேள்விகளுக்குப் பதிலை எழுதச் சொல்லுங்கள்:

கொடுத்த பணம் கடனா, மூலதனமா?
இலாப நட்டம் எந்த விகிதத்தில்?
கடையில் நிற்பவருக்குச் சம்பளம் உண்டா?
ஒருவர் விலகினால் அவருடைய பங்கு எப்படிக் கணிக்கப்படும்?
ஒருவர் மௌத்தானால் கடை தொடருமா, அவருடைய வாரிசுகளுக்கு எப்போது, எப்படிக் கொடுக்கப்படும்?

பரீட்சை வினாத்தாளில் இவை சில புள்ளிகளுக்குரிய வினாக்கள். நகையைக் கழற்றிக் கொடுத்த ஒரு ராத்தாவுக்கு முதல் கேள்வியின் பதில் 3 இலட்சம் ரூபா பெறுமதியானது.