வெள்ளத்தில் நனைந்த வாகனம்: நட்டம் கார்பெட்டுக்குக் கீழேதான் இருக்கிறது

வெள்ளம் வடிந்ததும் வர்த்தகர் ஒருவர் முதலில் ஓடிப் பார்ப்பது தனது கடையைத்தான். நனைந்த சரக்கைப் பிரிப்பது, தரையைக் கழுவுவது, கணக்குப் புத்தகங்களை உலர்த்துவது என்று மூன்று நான்கு நாட்கள் கழிந்துவிடும். அதுவரை வீட்டு முற்றத்தில் நிற்கும் காரோ வேனோ யாருடைய கவனத்துக்கும் வருவதில்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்து கொலன்னாவ, வெல்லம்பிட்டிய பகுதிகள் மூழ்கியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் போதும் எத்தனையோ வாகனங்கள் நீரில் நின்றன. சரக்கு ஏற்றும் வேன் என்பது வியாபாரியின் முதலீடு. ஆகவே அதனை எவ்வாறு மீட்டெடுப்பது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியமாகும்.

இதில் அடிப்படையான விடயம் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியும் சேறு வாகனத்தைக் கெடுப்பதில்லை. கார்பெட்டுக்குக் கீழே தங்கிவிடும் நீரே அதனைக் கெடுக்கிறது. ஈரமான துணியிலும் பஞ்சிலும் 24 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பித்துவிடும். எனவே முதல் இரண்டு நாட்களே மிகவும் பெறுமதியானவை.

முதலில் செய்ய வேண்டியவை

சாவியைப் போட்டு 'ஸ்டார்ட் ஆகிறதா' என்று பார்க்க வேண்டாம். நனைந்த வயர்களில் மின்சாரம் பாய்ந்தால் பிழைத்திருக்கக்கூடிய பாகங்களும் எரிந்து போகும். எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால் நட்டம் பன்மடங்காகும். பெட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வையுங்கள்.

அடுத்து, எதையும் கழுவுவதற்கு முன்னர் புகைப்படம் எடுங்கள். நீர் எந்த மட்டம் வரை நின்றது என்பதைக் காட்டும் சேற்றுக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். பின்னர் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்களின் மதிப்பீட்டாளர் பார்க்க முன்னர் எவ்வளவு வேலை செய்யலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் வாகனத்தின் சேதத்துக்குப் பணம் தராது. முழுமையான காப்புறுதியிலும் வெள்ளம் அடங்கியுள்ளதா என்று பத்திரத்தை வாசித்துப் பார்க்க வேண்டும். சில பத்திரங்களில் அதனை மேலதிகமாகக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டியிருக்கும். லீசிங் வாகனமாயின் அந்நிறுவனத்துக்கும் அறிவித்துவிடுங்கள்.

நீர் நின்ற மட்டம் சொல்லும் செய்தி

நீர் கார்பெட்டை மட்டும் நனைத்திருந்தால் கீழே கூறப்படும் முறையில் வாகனத்தைப் பெரும்பாலும் மீட்கலாம். சீட் மட்டம் வரை வந்திருந்தால் வயரிங் வேலை அறிந்த ஒருவரின் உதவி கட்டாயம் தேவை. டாஷ்போர்டையும் மூடியிருந்தால் திருத்தும் செலவையும் வாகனத்தின் சந்தைப் பெறுமதியையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். பாதி வேலை முடிந்த பிறகு கணக்குப் பார்ப்பது வியாபாரிக்கு அழகல்ல.

எச்சரிக்கை ஒன்று

ஹைபிரிட் வாகனங்களில் தாமாகக் கை வைக்க வேண்டாம். அக்வாவின் உயர் அழுத்த பெட்டரி பின் சீட்டின் கீழும், பழைய ப்ரியஸ் மாதிரிகளில் பின் சீட்டுக்குப் பின்னாலும் உள்ளது. செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது. ஹைபிரிட் வெகன்-ஆர் காரில் முன் பயணி சீட்டுக்குக் கீழே லித்தியம் பெட்டரி இருப்பதையும் நினைவில் வையுங்கள். அவ்விடம் நனைந்திருந்தால் அத்துறை அறிந்த கராஜ் ஒன்றை நாடுங்கள்.

வெள்ள நீரில் மலசலகூடக் கழிவும் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும். எலிக் காய்ச்சல் பரவுவது இவ்வாறுதான். இறப்பர் கையுறையும் மூடிய சப்பாத்தும் இல்லாமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

சுத்தம் செய்யும் முறை

1. சீட்களைக் கழற்றுங்கள். சீட்டின் கீழே மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது எயார் பேக் சம்பந்தப்பட்டது. பெட்டரியைக் கழற்றி சில நிமிடங்கள் சென்ற பின்னரே அதனைப் பிரிக்க வேண்டும். மீற்றர் வைத்துச் சோதிக்கவும் கூடாது.

2. கார்பெட்டை முழுமையாகத் தூக்குங்கள். மேலால் உலர்ந்தது போலிருந்தாலும் அதன் கீழுள்ள தடித்த பஞ்சு விரிப்பு பல நாட்களுக்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். பலர் விடும் பிழை இதுவே. கழிவு நீரில் ஊறிய பஞ்சை எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதே இலாபம். தரையிலுள்ள இறப்பர் அடைப்புகளைக் கழற்றினால் தேங்கிய நீர் வடிந்துவிடும்.

3. சேறு காய்ந்து இறுக முன்னர் சுத்தமான நீரால் கழுவுங்கள். கார்பெட்டையும் சீட் துணியையும் மென்மையான சலவைத் தூள் கரைத்த நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, நீர் உறிஞ்சும் வெக்கூம் இயந்திரத்தால் இழுத்தெடுங்கள். பூஞ்சண மணத்துக்கு நீர் கலந்த வினாகிரி பாவிக்கலாம். குளோரின் வெளிற்றி துணியின் நிறத்தைக் கெடுக்கும். அதனை வினாகிரியோடு கலந்தால் நச்சு வாயு உண்டாகும்.

4. கதவு போர்ட்களைக் கழற்றி உள்ளே பாருங்கள். கதவின் அடியிலுள்ள சிறு துவாரங்கள் சேற்றால் அடைபட்டிருந்தால் நீர் உள்ளேயே நின்று துருவை உண்டாக்கும்.

5. சீட் பெல்ட்டை முழுமையாக வெளியே இழுத்து சவர்க்கார நீரால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெளிற்றி பட்டால் பெல்ட்டின் நூல் பலமிழக்கும். அதன் சுருள் பகுதி நீரில் மூழ்கியிருந்தால் மாற்றிவிடுவதே பாதுகாப்பானது.

6. வயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மின் இணைப்புகளுக்கென விற்கப்படும் ஸ்பிரேயால் சுத்தம் செய்யுங்கள். பச்சை நிறம் படிந்திருந்தால் செம்பு அரிக்கப்படுகிறது என்பது பொருள். எயார் பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி அநேகமான வாகனங்களில் நடுவில், தரையோடு ஒட்டியே இருக்கும். அது நனைந்ததா என்று அவசியம் பரிசோதிக்க வேண்டும்.

7. ஏசி பில்டரை மாற்றுங்கள். ஏசி காற்றாடியின் மோட்டாரும் நனைந்ததா என்று பாருங்கள்.

உலர்த்துவதில் அவசரம் வேண்டாம்

கதவுகளைத் திறந்து வைத்து மின்விசிறியை இரவு பகலாக ஓட விடுங்கள். லெதர் சீட்களைக் கடும் வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். தரைத் தகட்டில் கை வைத்துப் பார்த்து, சிறிதும் ஈரமில்லை என்று உறுதியான பின்னரே கார்பெட்டை மீண்டும் போடுங்கள். மிஞ்சிய மணத்துக்கு அப்பச்சோடாவைத் தூவி ஓரிரவு வைத்து உறிஞ்சி எடுக்கலாம். வாசனைத் திரவியம் மணத்தை மறைக்குமே தவிர ஈரத்தைப் போக்காது.

விற்பவரும் வாங்குபவரும்

திருத்திய வாகனத்தை விற்க நேர்ந்தால் அது வெள்ளத்தில் நின்றதென்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். புகைப்படங்களும் திருத்திய பில்களும் கையிலிருந்தால் நியாயமான விலை கேட்கலாம். மறைத்து விற்றால் சில மாதங்களில் வயர்கள் துருப்பிடித்து உண்மை வெளிவரும். எயார் பேக் வேலை செய்யாமற் போனால் அதற்குப் பலியாவது ஓர் உயிர்.

பாவித்த வாகனம் வாங்குவோரும் அவதானமாக இருக்க வேண்டும். சீட் பெல்ட்டை முடிவு வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சீட் தண்டவாளத்திலும் அதன் ஆணிகளிலும் துரு உள்ளதா, ஸ்பெயார் டயர் வைக்கும் குழியில் மண் படிந்துள்ளதா என்று சோதியுங்கள். கண்ணாடிகளை மூடி ஏசியைப் போட்டு மணத்தைக் கவனியுங்கள். ஐந்து நிமிடச் சோதனை பல இலட்சம் ரூபாய் நட்டத்தைத் தவிர்க்கும்.

அடுத்த மழைக்காலம் வர முன்னர் காப்புறுதிப் பத்திரத்தை ஒரு முறை எடுத்து வாசியுங்கள். ஆறு பெருகும் செய்தி கேட்டவுடன் சரக்கை உயர்த்தி வைப்பது போலவே வாகனத்தையும் மேட்டு நிலத்துக்குக் கொண்டு சென்று நிறுத்திவிடுங்கள். அதைவிட மலிவான திருத்த வேலை வேறு இல்லை.