கோவைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை

கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. கோவையிலிருந்து வாளையாறு தாண்டி, 2021-ல் திறந்த குதிரான் சுரங்கப்பாதை வழியே திருச்சூர் சுமார் 115 கிலோமீட்டர். அங்கிருந்து 25 கிலோமீட்டர் போனால் தளிக்குளம் சினேகதீரம் கடற்கரை. தென்னை மரங்கள், அகலமான மணல், மெரினா நெரிசல் கிடையாது. ஞாயிறு மாலை மட்டும் கூட்டம் சேரும். முடிந்தால் வார நாளில் போங்கள். மதியச் சாப்பாட்டைத் திருச்சூரில் முடித்துக்கொண்டு 4 மணிக்கு மேல் மணலில் இறங்கினால், கடலுக்குள் சூரியன் மறைவதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். கிழக்குக் கரையில் இது கிடைக்காது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம், தென்மேற்குப் பருவமழையில் அலை மூர்க்கமாக இருக்கும். மற்ற மாதங்களிலும் முழங்கால் ஆழம் போதும். தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்குக் கடலின் இழுப்பு புதிது. உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தக் கூடாது; கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு விட்டதும் கரையேற வேண்டும். இதைப் புறப்படும் முன்பே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

உப்பைக் கழுவ இரண்டு கேன் தண்ணீர், ஆளுக்கொரு மாற்றுடுப்பு அவசியம். குப்பையைக் காரிலேயே திருப்பி எடுத்து வாருங்கள். திருச்சூர்க் கடலோரத்துக்குக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன.