வாந்தியெடுக்கும் சிசுவுக்கு ஜலம் புகட்டும் முறை

வயிற்றில் கிருமி புகுந்து வாந்தியும் பேதியும் காணும் சிசுவுக்கு ஜலமே கொடாமல் நிறுத்திவிடுவோர் உண்டு. கொடுத்ததையெல்லாம் கக்கிவிடுகிறதே என்பது அவர்கள் கூறும் நியாயம். ஆனால் வாந்தியைவிட அஞ்சத்தக்கது, தேகத்திலுள்ள நீரும் உப்பும் வற்றிப்போதலேயாகும்.

1971-ஆம் வருஷம் மேற்கு வங்காளத்தில் பன்காவ் அகதிகளிடையே காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துவரவே, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த ஜலத்தை வாய்வழியே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30-ஐ ஒட்டியிருந்த மரணம் 4-க்கும் கீழே இறங்கியது.

அத்தகைய உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இன்று சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது. பொட்டலத்தின்மேல் குறித்த அளவு கொதித்தாறின ஜலத்தில் அதைக் கரைத்தல் வேண்டும். ஜலம் குறைந்தால் உப்பு மிகுந்து தீங்காகும். வாந்தியெடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, பின்னர் 2 அல்லது 3 நிமிஷத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் புகட்டுக. தாகத்தால் குழந்தை தம்ளரைப் பற்றி இழுக்கும். இரங்கி அதைக் கொடுத்துவிட்டால் மறுபடியும் கக்கும். இங்கே வேண்டுவது தாயின் பொறுமையே. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. வாந்தியை அடக்கும் மருந்தைக் கடையில் வாங்கித் தாமே கொடுத்தலும் தகாது.

கண் குழிந்து சோர்ந்து கிடந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், புகட்டியது எதுவும் தங்காவிடினும், வாந்தி பச்சை நிறமாகவோ இரத்தம் கலந்தோ வந்தாலும், பொழுது விடியட்டுமென்று காத்திராமல் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லல் வேண்டும்.