ஜோகூரில் ஓராண்டு: தொண்டுக்குப் போகிறவர்களுக்கு

தீபகற்ப மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜோகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அப்படி ஒரு பள்ளியிலோ, மாலை வகுப்பு நடத்தும் அமைப்பிலோ ஓராண்டு தொண்டு செய்யக் கிளம்புகிறீர்கள் என்றால், முதலில் அனுமதியைச் சரிசெய்துகொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமலே 30 நாள் தங்கலாம். ஆனால் அது ஊர் பார்க்க வருகிறவர்களுக்கான சலுகை. அதில் நுழைந்து வகுப்பறையில் நின்றால், சம்பளம் வாங்கவில்லை என்ற பேச்சு குடிநுழைவுத் துறையிடம் எடுபடாது. உங்களை அழைக்கும் அமைப்புதான் அங்கிருந்து உரிய வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அனுமதிக் கடிதம் கையில் வராமல் விமானச் சீட்டு எடுக்காதீர்கள். போய்ச்சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும்.

வீடு எங்கே பார்ப்பது? ஜோகூர் பாரு நகருக்குள்தான் மனம் போகும். உங்குப் புவான் சாலையில் ராஜமாரியம்மன் கோயில், அதைச் சுற்றிப் பூக்கடை, மளிகைக்கடை, வாழையிலைச் சாப்பாடு என்று எல்லாம் காலடியில் கிடைக்கும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 1924-இல் திறந்த தரைப்பாலம் வழியாகத் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களால் அங்கே வாடகையும் அதிகம், காலை நெரிசலும் அதிகம். பள்ளி கூலாயிலோ குளுவாங்கிலோ இருந்தால் அங்கேயே தங்குங்கள். பள்ளியின் பெயரில் ‘தோட்டம்’ இருக்கிறதே என்று ரப்பர்க் காட்டைத் தேட வேண்டாம். தோட்டங்கள் கைமாறி வீடுகளானபோது பல பள்ளிகள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு குடியிருப்புகளுக்குள் வந்துவிட்டன. ஸ்கூடாய்ப் பக்கத்து ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி அப்படி ஒன்று.

இந்தக் குடியிருப்புகளைத் தாமான் என்பார்கள். வரிசையாக ஒட்டிய வீடுகள், முன்னால் இரும்புக் கதவு, கார் நிறுத்த ஓர் இடம், பின்னால் சமையலறையை ஒட்டித் துணி துவைக்கும் மூலை. வாடகை பேசும்போது இரண்டு மாத முன்பணம், அரை மாதம் மின்சார-தண்ணீர் வைப்புத்தொகை, முதல் மாத வாடகை என்று மூன்றரை மாதப் பணம் மொத்தமாகக் கேட்பது வழக்கம். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அப்புறம் கீழ்ச்சுவரைக் குனிந்து பாருங்கள். சுவரெங்கும் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடினாலோ, முழங்கால் உயரம் வரை மட்டும் புதுச்சாயம் அடித்திருந்தாலோ, வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமும் கோத்தா திங்கி மூழ்கியது. 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் வட்டாரத்தில் பல்லாயிரம் பேர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. தேங்கிய தண்ணீரை வாரந்தோறும் கொட்டிவிடுங்கள்; டெங்கி அங்கே ஆண்டு முழுவதும் உண்டு.

இனி மொழி. ஜோகூரில் தமிழை மட்டும் வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் காலம் தள்ளிவிடலாம். காலையில் “பசியாறிட்டீங்களா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், கடையில் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள், வானொலியில் மின்னல் எஃப்எம் பாடும். இந்தச் சௌகரியத்தைப் பற்றித்தான் உங்களை எச்சரிக்க விரும்புகிறேன். அமெரிக்காவின் பீஸ் கோர் என்ற தொண்டர் அமைப்பு 1962 முதல் 1983 வரை மலேசியாவுக்கு அனுப்பிய இளைஞர்களுக்கு முதலில் மலாய் சொல்லிக்கொடுத்தார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால் நாம் படிப்பதில்லை. ஆனால் உங்கள் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அடுத்து இடைநிலைப்பள்ளியில் வரலாறும் புவியியலும் மலாயில். நன்றாகப் படித்த பிள்ளையும் அங்கே தடுமாறி, கடைசி வரிசைக்குப் போய் வாயடைத்து உட்கார்ந்துவிடுவது உண்டு. அந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்க வேண்டுமென்றால் கட்டுரை எழுதும் அளவுக்கு இல்லாவிட்டாலும், பாடநூலைச் சேர்ந்து வாசிக்கும் அளவுக்காவது உங்களுக்கு மலாய் வேண்டும். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். எழுத்து ரோமன்; வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது; விடாமல் படித்தால் வசப்படும்.

பள்ளிக்குள் போனதும் ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று சில வாரம் பாருங்கள். உள்ளூர்க்காரர்களே நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நாடு முழுக்க வகுப்பு நடத்துகிறது. அங்கே சொல்லிக்கொடுப்பவர்களில் பலரும் தொண்டர்கள். நீங்கள் தங்கும் ஊரில் அதன் கிளை இருந்தால் போய்ப் பேசுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு போகாதீர்கள், அங்குள்ள பாடத்திட்டம் வேறு. கதைப் புத்தகம் கொண்டுபோனால் பிள்ளைகள் ஆசையாய் வாங்கிக்கொள்வார்கள்.

சில நடைமுறைகள். நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். விடிவதே ஏழு மணியளவில்தான், பள்ளிக்கு இருட்டில் கிளம்ப வேண்டும். மின்செருகு சதுர மூன்று முனை. வீட்டுக்குள் செருப்பு கூடாது. ஜோகூரில் 2014 முதல் வெள்ளி, சனிதான் வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு. பழைய அறிவிப்புப் பலகையை நம்பி அலுவலகத்துக்குப் போகாதீர்கள். வெள்ளி நண்பகலில் தொழுகைக்காக அலுவலகங்களில் இடைவேளை நீளும். தைப்பூசம் ஜோகூரில் பொது விடுமுறை.

அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க்காரர்களுடையதைவிடப் பல மடங்கு. காப்பீட்டை ஊரிலேயே எடுத்து, அட்டையின் நகல் ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவையுங்கள். அவசரத்துக்கு 999.