அப்பாவோட பீரோவை அவசரப்பட்டு ஒழிக்காதீங்க!

இன்னிக்கு டேக்ஸ் பத்திப் பேசப் போறதில்ல. வீட்டுல ஒருத்தர் இறந்த பிறகு, அவர் விட்டுட்டுப் போன பொருள்களை எப்படிப் பிரிக்கிறதுன்னு பார்ப்போம்.

என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பார்த்தவர். சர்வீஸ்ல இருக்கும்போதே தவறிட்டார். காரியம் முடிஞ்ச மறுநாளே, "பீரோவை ஒழிச்சிடுப்பா, பார்க்கப் பார்க்க அம்மாவுக்குக் கஷ்டம்"னு சொந்தக்காரங்க சொன்னாங்க. ஒரே நாள்ல ஒழிச்சேன். அவரோட கணக்கு நோட்டும் பழைய பேப்பர் கடைக்குப் போயிடுச்சு. அதுல எழுதியிருந்த ஒரு டெபாசிட், ஆறு மாசம் கழிச்சு பேங்க் லெட்டர் வந்தப்பதான் தெரிஞ்சது. பணம் கிடைச்சது. அப்பா கையெழுத்து கிடைக்கல.

அதனால, நான் இப்போ எல்லாருக்கும் சொல்றது இதுதான்.

1. துணிமணிக்கு அவசரமில்லை. சட்டை, கண்ணாடி, வாட்ச் எல்லாம் அம்மா சொல்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். கொடுக்கும்போது பாக்கெட்டைப் பாருங்க.

2. காகிதம் எதையும் வீசாதீங்க. பாஸ்புக், பாலிசி, சம்பள சிலிப், பழைய ஷேர் சர்டிபிகேட், அடகுச் சீட்டு எல்லாத்தையும் ஒரே பையில போடுங்க. பிரிக்கிறதை அப்புறம் பார்க்கலாம்.

3. செல்போன் நம்பரை ரீசார்ஜ் பண்ணி வைங்க. பேங்க், பாலிசி மெசேஜ் எல்லாம் அதுக்குத்தான் வரும். ஆனா அவர் ஏடிஎம் கார்டுல பணம் எடுக்காதீங்க. நாமினியா இருந்தாலும் முறைப்படி கிளெய்ம் பண்ணித்தான் வாங்கணும்.

4. ரெண்டு சான்றிதழ் முக்கியம். இறப்புச் சான்றிதழ்ல பல பிரதி வாங்கிக்கோங்க. வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் தருவார்; இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூணுமே தனித்தனி தாலுகா.

5. பலர் விட்டுடுற பணம். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தா, இ.டி.எல்.ஐ. காப்பீடு அதிகபட்சம் ₹7 லட்சம் வரை உண்டு. அவர் தனியா பிரீமியம் கட்டியிருக்க வேண்டியதில்லை. அதைக் கம்பெனிதான் கட்டும். 10 வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட், ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிடும். அப்பவும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம். பல வங்கிகளை ஒரே இடத்துல தேட, 2023-ல் ரிசர்வ் வங்கி தொடங்கின 'உத்கம்' தளம் இருக்கு.

கடைசியா உங்களுக்கு ஒண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி பி.எஃப்.ல கொடுத்த நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது. இன்னிக்கே புதுசா போடுங்க.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்துல உட்கார்ந்து, எது எங்கே இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. நீங்க எழுதாதீங்க, அவரே எழுதட்டும்.