பழைய கோவாவின் ஒற்றைக் கோபுரம்

பழைய கோவாவில் புனித சவேரியார் உடலைத் தரிசித்ததும் நம் சங்க அன்பர்கள் பலர் நேரே கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்துக் குன்றின் மேல் இருக்கும் புனித அகஸ்தினார் ஆலயத்தையும் மடத்தையும் விட்டுவிட வேண்டாம்.

1572-இல் கோவா வந்த அகஸ்தினார் சபைத் துறவிகள், 1602-இல் இந்த ஆலயத்தைக் கட்டி முடித்தனர். கோபுரத்தின் உயரம் 46 மீட்டர். எல்லாம் அங்கேயே வெட்டிய செம்புரைக்கல். இந்தக் கல்லை வெட்டுவது சுலபம். காற்றுப் பட்டால் இறுகும். ஆனால் நீரை உறிஞ்சும். மேலே பூசிய சுண்ணாம்புச் சாந்துதான் அதற்குத் தோல். மழைதோறும் அதைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும்.

1835-இல் போர்த்துகீசிய அரசு துறவியரை வெளியேற்றியது. ஏழே ஆண்டுகளில், 1842-இல், ஆலயத்தின் வளைவுக் கூரை விழுந்தது. வளைவு என்பது இருபுறச் சுவர்களையும் ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருப்பது. ரயில்வேயில் நாங்கள் வளைவுப் பாலங்களின் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை மழைக்கு முன்பே பிடுங்கிவிடுவோம். வேர் ஆழமாக இறங்கிவிட்டால் சாந்து நிற்காது. இங்கே பிடுங்க யாருமில்லை.

1931-இல் முகப்பும் பாதிக் கோபுரமும் சரிந்தன. மணி மட்டும் தப்பியது. அகுவாடா கோட்டைக் கலங்கரை விளக்கத்தில் சில காலம் இருந்துவிட்டு, 1871-இல் பனாஜி மாதா கோவிலுக்குப் போயிற்று. அங்கே போனால் அண்ணாந்து பாருங்கள்.