குப்பையைப் பிரித்தல்: ஊருக்கு ஊர் மாறும் முறையும், மாறாத கடமையும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றும் அடுத்தடுத்த ஊர்கள். ஆயினும், நம் வாயிலில் வைக்கும் குப்பையை எடுத்துச் செல்லும் நிர்வாகம் அங்கங்கே வேறுபட்டு அமைந்தது. அம்பத்தூர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைந்து அதன் ஏழாவது மண்டலமாயிற்று. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி நகராட்சியாக நிர்வகிக்கப்பட்டு வந்த ஊர். ஆகவே வண்டி வரும் நேரம், வேலை செய்வோர் நேரடி ஊழியரா ஒப்பந்தக்காரரின் ஆட்களா என்பது, குப்பை போய்ச் சேரும் இடம் ஆகிய யாவும் ஊருக்கு ஊர் மாறக்கூடும்.

பிரிக்கும் விதியோ எல்லா ஊருக்கும் பொது. 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கப் பணித்தன. 2026-ஆம் ஆண்டின் புதிய விதிகள் அணையாடை முதலிய சுகாதாரக் கழிவையும் தனியாக்கி, வகைகளை நான்காக்கின. ஜப்பானில் காமிகட்சு என்னும் சிற்றூரில் குப்பை வண்டியே கிடையாது. மக்கள் தாமே நிலையத்திற்குக் கொண்டு சென்று நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கின்றனர். அதனோடு ஒப்பிடின் நான்கு வகை பெரும் சுமையன்று.

இவ்வளவு பிரிப்பானேன்? நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல நிற நூல் சிக்குண்ட பின், அவிழ்க்கும் கூலி நூலின் விலையை மிஞ்சிவிடும். குப்பையும் அப்படியே. சாம்பாரில் நனைந்த காகிதத்தைப் பழைய பேப்பர்காரர் வாங்கார். கண்ணாடித் துண்டும் பாலிதீனும் கலந்த எருவை உழவர் வயலில் இடார். நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கக்கூடியது. அது தனியே நின்றால் உரம். மற்றவற்றோடு கலந்தால் மேடு. அம்மேட்டின் அடியில் காற்றின்றி அழுகும் பொருள், எரியும் தன்மையுள்ள மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்து, சுற்றுப்புற மக்கள் பல நாள் புகையில் தவித்ததை நாம் அறிவோம்.

மேலும், நாம் பிரிக்காததை மற்றொருவர் வெறுங்கையால் பிரிக்க நேரிடுகின்றது. உடைந்த கண்ணாடியும் ஊசியும் அவர் கையைத்தான் கிழிக்கும்.

இத்தொழிலாளரே உரிமையாளராக விளங்கும் கூட்டுறவு ஒன்று புனே நகரில் உண்டு. குப்பை பொறுக்கி வாழ்ந்தோர், பெரும்பாலும் பெண்கள், 1993-இல் தொழிற்சங்கமாகத் திரண்டனர். பின்னர் ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவை அமைத்து, 2008-இல் மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். வீடுதோறும் சென்று குப்பை பெறுகின்றனர். அதற்கு வீட்டார் மாதக் கட்டணம் செலுத்துகின்றனர். விற்கத்தக்க பொருளின் வருவாயும் தொழிலாளருக்கே. வீட்டார் பிரித்துக் கொடுக்குமளவிற்கு அவ்வருவாய் உயரும். கூட்டுறவின் வலிமைக்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கவை:

1. சமையலறையில் இரு கூடைகள் வைத்தல். மக்கும் குப்பையைப் பையில் கட்டாது அப்படியே கொடுத்தல்.
2. பால் உறை, பாட்டில் ஆகியவற்றைக் கழுவி உலர்த்திச் சேர்த்தல்.
3. கண்ணாடி, ஊசி, பழைய பாட்டரி, மருந்து ஆகியவற்றைத் தனியே பொதிந்து, சொல்லிக் கொடுத்தல்.
4. தோட்டமுள்ளோர் காய்கறித் தோலுடன் அதனினும் கூடுதலாகச் சருகு கலந்து, பிழிந்த துணியளவு ஈரம் காத்து, வாரமொரு முறை கிளறுதல். இரண்டு மூன்று மாதங்களில் எருவாகும்.
5. தறியடி நூற்கழிவைப் பருத்தி வேறு, செயற்கை இழை வேறு என வைத்தல்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்க: நம் தெருவில் பிரித்துக் கொடுத்த குப்பை வண்டியில் மீண்டும் கலக்கின்றதா? கலக்குமாயின், தனித்தனியே முறையிடாது, சங்கத்தின் பெயரால் ஒரே மனுவாக நிர்வாகத்திடம் அளிப்பது எங்ஙனம்?